எட்டு மில்லிமீட்டர்

கிளாக்கர் ஐயா,
சட்டையைத் தூக்கச் சொன்னீங்க, தூக்கினேன்.
"இவ்வளவுதானா?"ன்னு கேட்டீங்க.
இவ்வளவுதாங்க.
கவ்வாத்துக் குச்சி கீறின மாதிரி ஒரு கோடு,
முதுகெலும்புல இருந்து முக்கால் சாண் தள்ளி, இடது பக்கம்.

பணிய லயத்து மரியசூசைக்கு
ஒரு சாண் நீளம் தையல் இருக்கு.
அதை ஒருதரம் பார்த்ததுக்கே
வாச்சர் வேலை குடுத்தீங்க.

நான் பதினெட்டு வருஷம் மூட்டை.
மடுவத்துல இருந்து லொறிக்கு,
லொறியில இருந்து ஸ்டோருக்கு.
மழை நாள்ல ஈரக் கொழுந்துன்னா
தராசு தண்ணிக்குக் கழிச்சுக்கும்.
முதுகு கழிக்காது.

ஆனா மூட்டை தூக்கையில ஒண்ணும் ஆகல.
ஞாயித்துக்கிழமை, பூசைக்குப் போக,
செருப்பு வாரை மாட்டக் குனிஞ்சேன்.
அவ்வளவுதான்.
இடுப்புல இருந்து குதிக்கால் வரைக்கும்
யாரோ கரண்டுக் கம்பி இழுத்துட்டாங்க.
மறுவாரம் இடது பெருவிரல் என் பேச்சைக் கேக்கல.
தூக்குன்னா தூக்காது.
நடக்கையில தார் ரோட்டுல இடிச்சு
நகம் பேந்ததுகூடத் தெரியல.
குடிச்சிருக்கேன்னு பிரட்டுக்களத்துல சொன்னது
நீங்க இல்லைங்க, கங்காணி.

கண்டி பெரியாஸ்பத்திரியில
பதினொரு மாசம் காத்திருந்து பேர் வந்துச்சு.
டொக்டர் நோனா படத்தைக் காட்டினா:
நாலாவது எலும்பு, அஞ்சாவது எலும்பு,
நடுவுல ஒரு தட்டு.
ஜாம் பணிஸைப் பிடிச்சு அமுக்கினா
எங்கே வரும் ஜாம்?
அது வந்து நரம்பு மேல உக்காந்திருக்கு.

மயக்கம் குடுக்கலைங்க.
குப்புறப் போட்டு, அந்த இடத்தை மட்டும் மரக்க வச்சு,
பென்சில் தடிப்புல ஒரு குழாய்.
அதோட நுனியில ஒரு விளக்கு,
ஒரு கண்ணு,
ஓயாம ஓடுற தண்ணி.
ராத்திரி பீலி வடியுற சத்தம்
என் இடுப்புக்குள்ள கேட்டுச்சு.

"ரிதெனவத?"
நிமிஷத்துக்கு ஒருதரம் நோனா கேட்டா.
கால்மாட்டுல நின்ன புஸ்ஸல்லாவப் பிள்ளை
"வலிக்குதா அண்ணே?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு.
நான் "நே", "நே"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்,
எனக்குத் தெரிஞ்ச சிங்களம்தானே.
திடீர்னு குழாய் எதையோ தொட்டுச்சு.
"ஐயோ மாதாவே!"
அதை யாரும் மொழிபெயர்க்கல.
குழாய் ஒரு மயிரிழை பின்னுக்குப் போச்சு.

டீவியில என் உள்பக்கம்.
வெள்ளையா, வெந்த சேமியா மாதிரி,
அசையாமக் கிடந்துச்சு நரம்பு.
சின்ன இடுக்கியால நோனா
ஒவ்வொரு துணுக்கா இழுத்தா.
கடைசித் துணுக்கு வந்ததும்
அது மெதுவாத் துடிச்சுச்சு.
மறுபடி துடிச்சுச்சு.
பேசிக்கிட்டிருந்தவங்க எல்லாம் நிறுத்திட்டாங்க.
"பெருவிரலைத் தூக்குங்க அண்ணே"ன்னுச்சு பிள்ளை.

தூக்கினேன்.

எடுத்ததைக் குப்பியில போட்டுக் காட்டினாங்க.
ஒரு தேக்கரண்டி வராது.
உரிச்ச கூனி இறால் மாதிரி.
பதினெட்டு வருஷம் இதுதானான்னு நினைச்சேன்.
நீங்க கேட்ட கேள்விதான்,
நான் முதல்லயே கேட்டுட்டேன்.

அன்னைக்கே சாயங்காலம் நடந்து கக்கூசுக்குப் போனேன்.
மறுநாள் பஸ்.
இறம்பொடை வளைவு ஒவ்வொண்ணுக்கும்
சம்சாரம் என் பெல்டைப் பிடிச்சுக்கிட்டா,
நான் சன்னல் கம்பியை.
ஒரு தையல். அதையும் பத்தாம் நாள்
நம்ம டிஸ்பென்சரியில வெட்டிட்டாங்க.

இப்ப நீங்க பைல்ல
"காயம் சிறியது"ன்னு எழுதுறீங்க.
எழுதுங்க, பொய்யில்ல.
சின்னதாச் செய்யத்தான் அந்த நோனா
அவ்வளவு படிச்சிருப்பா.
மேசைக்கு அடியில, செருப்புக்குள்ள
என் பெருவிரல் தூக்கி இறக்கி
தூக்கி இறக்கிக்கிட்டு இருக்கு.
உங்களுக்குத் தெரியாது.

ஆனா அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு
கடுதாசி இருக்கு, சீல் இருக்கு.
சிங்களம் வாசிக்க மாட்டீங்கன்னா
படம் இருக்கு.
சன்னல் பக்கம் வாங்க ஐயா,
வெளிச்சத்துல பிடிங்க.

இல்லைங்க,
தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.